ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒரு நாடகம்: சென்னை சபா செயலாளர்களுக்குத் திறந்த மடல்

சென்னையின் சபா செயலாளர்களுக்கும், நாடகக் குழுக்களைக் கட்டிக்காத்து நடத்திவரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் எந்தச் சபாவிலும் உறுப்பினர் அல்ல. குரோம்பேட்டையில் குடியிருக்கிறேன். வீட்டில் கணவர், மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன். எதிர்வீட்டுக் குடும்பமும் எப்போதும் எங்களோடு சேர்ந்துகொள்ளும். விடுமுறை நாளில் கிளம்பினால் பத்துப் பேருக்குக் குறையாது. கடற்கரை என்றால் மாமியாருக்கு மணலில் நடக்க முடியாது. சினிமா என்றால் எந்தப் படம் என்பதிலேயே வீடு இரண்டுபட்டுவிடும். நாடகத்துக்கு மட்டும் எல்லோரும் ஒரே குரலில் சரி என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லும் குடும்பத்தால் உங்கள் அரங்குக்கு வர முடியவில்லை என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மாலை நான்கு மணிக்கு ஒரு நாடகம் போடுங்கள்.

இப்போதுள்ள நிலை உங்களுக்குத் தெரிந்ததே. அழைப்பிதழில் பெரும்பாலும் மாலை ஆறரை அல்லது ஏழு மணி என்றுதான் அச்சிட்டிருக்கும். ஏழு மணி நாடகம் முடிய ஒன்பது, ஒன்பதரை ஆகும். மயிலாப்பூரிலிருந்தோ ஆழ்வார்பேட்டையிலிருந்தோ பஸ் பிடித்து மாம்பலம் வந்து, மின்சார ரயில் ஏறி, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பேசி வீடு வந்து சேரும்போது பதினொன்று. மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பள்ளி வேன் வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. அன்று ரயில்களும் குறைவு. பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போகலாமா என்று ஒருமுறை பேசிப் பார்த்தோம். பிள்ளைகள் இல்லாமல் பார்க்கும் நாடகத்தில் பாதி ருசி போய்விடும் என்று இருவருக்கும் தோன்றியதால் அதையும் விட்டுவிட்டோம்.

அபூர்வமாகச் சில குழுக்கள் நான்கு மணிக்கு ஒரு காட்சி வைக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் எங்கள் வீட்டில் அந்த ஞாயிறு திருவிழாதான். மதியம் இரண்டு மணிக்கே மாமியார் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய இளமையில் ஆர்.எஸ். மனோகரின் நாடகங்கள் ஊர் ஊராக வந்தவை. இராவணனின் கொலுமண்டபம் மேடையில் எழுந்ததையும், கண்மூடித் திறப்பதற்குள் அது மறைந்து வேறு காட்சி வந்ததையும் ரயிலில் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வருவார். அவன் வாயைத் திறந்தபடி கேட்பான். ஒருமுறை பல்லாவரத்தில் ஏறிய யாரோ ஒருவரும் நின்றபடியே கேட்டுவிட்டு, 'நவாப் ராஜமாணிக்கம் நாடகத்தையும் எங்கள் அப்பா இப்படித்தான் சொல்வார்' என்று கிண்டியில் இறங்கினார். நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு நாடகம் ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது.

அன்று பார்த்தது ஒரு நகைச்சுவை நாடகம். அப்பா வேடத்தில் இருந்தவர் தொலைபேசியைக் கையில் எடுத்து 'ஹலோ' என்று சொல்லிவிட்டார். ஒலிப்பதிவை இயக்கியவர் தாமதித்ததால், அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. ஒரு நொடி அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடிகர் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார், அடித்துக்கொண்டிருக்கும் மணியைக் கேட்டார், மேடையில் நின்ற மனைவி பக்கம் திரும்பி, 'நம் வீட்டில் எடுத்த பிறகுதான் அடிக்கும், பழகிக்கொள்' என்றார். சிரிப்பு அடங்கவே நேரமானது. அது அடங்கும்வரை அவர் அடுத்த வசனத்தைப் பேசாமல், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் நின்றார். என் மகன் என் கையைப் பிடித்து உலுக்கி, 'அம்மா, அது நாடகத்தில் இருக்கிறதா, அவராகச் சொன்னாரா?' என்று கேட்டான். அந்தக் கேள்வி தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளைக்கு ஒருநாளும் வராது. எதிரே நிற்பது உயிருள்ள மனிதர், அவர் இந்த நிமிடம் யோசிக்கிறார், நாம் சிரித்தால் காத்திருக்கிறார் என்பதை அவன் அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தான்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போக அனுமதித்தார்கள். தாத்தா வேடத்தில் இருமிக்கொண்டிருந்தவர் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் எழுபது வயது, மீதிப் பாதியில் முப்பது வயது. மகள் அவரையே பார்த்தபடி நின்றாள். வங்கியில் வேலை செய்வதாகவும், அலுவலகம் விட்டு வந்துதான் ஒத்திகை என்றும் அவர் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அவள் பேசியது அந்த இருமலைப் பற்றித்தான். அடுத்த வாரம் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பெயர் கொடுத்தாள்.

நாடகம் முடிந்து மைக் பிடிக்கும்போது உங்களில் பலர் சொல்லும் வருத்தம் ஒன்று உண்டு. இளைஞர்கள் வருவதில்லை, முன்வரிசை முழுவதும் நரைத்த தலைகள் என்று. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருநாள் திடீரென்று எழுந்து சபா நாடகத்துக்கு டிக்கெட் வாங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. இன்று முன்வரிசையில் இருப்பவர்களையே கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் அப்பாவோ தாத்தாவோ கையைப் பிடித்து அழைத்துப்போயிருப்பார். அப்படி அழைத்துப்போக எங்களுக்கு ஆசை இருக்கிறது. நேரம்தான் ஒத்துவரவில்லை.

நாடகம் தொடங்கும் நேரம் எந்தக் காலத்திலும் பார்ப்பவர்களின் வாழ்க்கையை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் இன்றும் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கிறது. கோயில் திருவிழாவுக்குக் கூடிய ஊர், பாயும் போர்வையுமாக வந்து உட்கார்ந்து வள்ளி திருமணம் பார்க்கிறது. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, துரியோதனன் வீழும் படுகளம் போன்றவற்றை இரவுக்கு விட்டுவைக்காமல் பகல் வெளிச்சத்தில் நடத்துகிறார்கள். தரையில் படுத்திருக்கும் மாபெரும் மண் துரியோதனனைச் சுற்றிக் குழந்தைகளும் பெண்களும் வயதானவர்களும் கூடி நிற்பதைக் காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் பார்க்கலாம். ஊர் முழுவதும் கூட வேண்டிய காட்சிக்கு ஊர் முழுவதும் வரக்கூடிய பொழுதை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சபா நாடகமும் அப்படிப் பிறந்ததுதான். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்களில் பலர் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். சம்பந்த முதலியாரே பின்னாளில் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. நாடகமே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளுக்கு நடுவே, வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் நடிக்கும் நாடகம் என்று ஒரு புதுவழி அங்கே திறந்தது. பின்னால் வந்த கே. பாலசந்தர் ஏஜி அலுவலக (மாநிலத் தலைமைக் கணக்காயர் அலுவலகம்) ஊழியர். கிரேசி மோகன் பொறியாளர். அலுவலகம் முடிந்து வரும் நடிகரும், அலுவலகம் முடிந்து வரும் ரசிகரும் சந்திக்க மாலை ஏழு மணி அந்தக் காலத்தில் பொருத்தமான நேரம். அன்று ரசிகரின் வீடு மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தியாகராய நகரிலும் இருந்தது. நடந்தே வந்து நடந்தே வீடு திரும்பினார்கள். இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குரோம்பேட்டையிலும் மடிப்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கிறார்கள். ஊர் நகர்ந்துவிட்டது, நேரம் நகரவில்லை.

நான்கு மணி என்பது உங்களுக்குப் புதிதும் அல்ல. மார்கழி வந்தால் இதே அரங்குகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கச்சேரி, ஒன்றரைக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று என்று நாள் முழுவதும் நடத்துகிறீர்கள். கேன்டீன் காலையிலேயே திறந்துவிடும். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் ஒரு சபாவில் பாட்டும் இன்னொரு சபாவில் சாப்பாடுமாக நாளைக் கழிக்கிறார்கள். நான்கு மணிக்குக் கூட்டம் சேர்க்கவும், விளக்கு, ஒலி, காவல், துப்புரவு எல்லாவற்றுக்கும் ஆள் ஏற்பாடு செய்யவும் உங்களுக்குக் கைவந்திருக்கிறது. மார்கழிக் கச்சேரிக்குச் செய்வதை மற்ற மாதங்களில் நாடகத்துக்கும் கொஞ்சம் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மற்ற மாநிலங்களையும் பாருங்கள். மராத்தி நாடகத்துக்குச் சனி, ஞாயிறுதான் உயிர்நாடி. தாதரின் சிவாஜி மந்திர், தானேயின் கட்கரி ரங்காயதன், புணேயின் பாலகந்தர்வ ரங்கமந்திர் போன்ற அரங்குகளில் வார இறுதியில் பிற்பகல் காட்சிகள் சர்வசாதாரணம். மூன்று தலைமுறை சேர்ந்து வந்து, இடைவேளையில் உருளைக்கிழங்கு வடை வாங்கிச் சாப்பிட்டு, மீதி நாடகத்தையும் பார்த்துவிட்டு நேரத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். கட்கரி ரங்காயதனும் பாலகந்தர்வ ரங்கமந்திரும் மாநகராட்சியின் சொத்து என்பதையும் சொல்ல வேண்டும். தாம்பரமும் ஆவடியும் இப்போது மாநகராட்சிகள். அங்கே நல்ல நாடக அரங்கு ஒவ்வொன்று கட்டித் தாருங்கள் என்று மேயர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், அந்தப் பேச்சு இந்த மடலுக்குள் அடங்காது.

பெங்களூரில் 2004-இல் திறக்கப்பட்ட ரங்கசங்கரா திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் நாடகம் நடக்கும் இடம். ஞாயிறு பிற்பகல் மூன்றரைக்கு ஒரு காட்சி, இரவு ஏழரைக்கு இன்னொன்று. சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள், பிந்தி வருபவர் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ரயில் நேரத்தை நம்பி வரும் எங்களைப் போன்றவர்களுக்கு, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் சொன்னபடி இருப்பதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை.

நேரம் மாறினால் ஞாயிற்றுக்கிழமையே எப்படி விரிந்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவனில் நான்கு மணிக்கு நாடகம், ஆறு, ஆறேகாலுக்கு முடிகிறது என்று வையுங்கள். பத்தடியில் கபாலீசுவரர் கோயில். சாயங்கால பூஜை பார்த்துவிட்டு, பிராகாரத்தில் மாமியார் கொஞ்சநேரம் உட்கார, பிள்ளைகள் ஓட, அந்த வில்லன் எதற்காக அப்படிச் செய்தான் என்று பெரியவர்கள் விவாதிக்க, வெளியே வந்து மாட வீதியில் ஒரு கடையில் சூடாக டிபன் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் வீடு. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நாடகம் என்றால் இன்னும் வசதி. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு காலையிலேயே போய்ச் சோழர் கால நடராசரைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கொண்டுபோன புளிசாதத்தை மர நிழலில் பிரித்து, அதே வளாகத்தில் நான்கு மணிக்கு நாடகத்துக்கு உட்கார்ந்துவிடலாம். ரயில் நிலையமும் பக்கம். தி.நகர் வாணி மகாலில் என்றால், நாடகத்துக்குப் பிறகு பாண்டி பஜார் இருக்கவே இருக்கிறது. பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கும் வேலையும் அதோடு முடியும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பயணம் இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவும் கையைக் கடிக்காது.

நேரத்தோடு சேர்த்து இன்னும் சிலவற்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இடைவேளையில் நடக்கும் பாராட்டு. தலைமை விருந்தினரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, அவர் பேசி, அவரை அறிமுகப்படுத்தியவர் மறுபடி பேசி, நினைவுப்பரிசு கொடுத்துப் புகைப்படம் எடுத்து முடிப்பதற்குள், முதல் பாதியில் நடிகர்கள் பாடுபட்டுக் கட்டிய கதை கலைந்துவிடுகிறது. பிள்ளைகள் நாற்காலியில் நெளிகிறார்கள். பக்கத்திரைக்குப் பின்னால் நடிகர்களும் வேடத்தோடு காத்திருக்கிறார்கள். கலைக்கு உதவுபவர்களைக் கௌரவிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நாடகம் முடிந்து நடிகர்கள் அனைவரும் வரிசையாக நிற்கும்போது அதைச் செய்யுங்கள். விருந்தினருக்கும் முழு நாடகத்தையும் பார்த்துவிட்டுப் பேச வாய்ப்புக் கிடைக்கும்.

அடுத்தது டிக்கெட். உறுப்பினர் அல்லாதவர்கள் எப்படி உள்ளே வருவது என்பது பல அழைப்பிதழ்களில் இருப்பதே இல்லை. அன்றைய நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைப் பார்த்துத்தான் நாடகம் இருப்பதே தெரியவருகிறது. பத்துப் பேர் கிளம்ப அது போதாது. ஒரு மாதம் முன்பே தேதி தெரிந்தால் திருமணம், தேர்வு, மாதாந்திரச் செலவு எல்லாவற்றையும் அதற்கேற்ப ஒதுக்கிக்கொள்வோம். அரங்க வாசலிலும் டிக்கெட் கொடுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட் வையுங்கள். ஒருவருக்கு 500 ரூபாய் வரை உள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் வாங்குகிற பணம் அப்படியே உங்களிடமும் குழுவிடமும் சேரும். உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் சந்தா கட்டிச் சபாவைத் தாங்குபவர்கள், அவர்களுக்கு முன்வரிசை கொடுப்பது முறைதான். பின்வரிசை எங்களுக்குப் போதும். ஆனால் முன்வரிசைகள் பாதி காலியாகக் கிடக்கும்போது, நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்தாவது பின்னால் இருக்கும் குழந்தைகளை முன்னே அழைத்து உட்கார வையுங்கள். நடிகரின் முகம் தெரியும் தூரத்தில் உட்கார்ந்த பிள்ளை அந்த நாளை மறக்காது.

படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அரங்கில் (பெயர் வேண்டாம்) நாடகம் மாடியில். லிஃப்ட் பழுது. முழங்கால் வலியுள்ள மாமியார் ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து நின்று ஏறினார். நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து, 'நீங்கள் போங்கள், நான் இங்கேயே வசனத்தைக் கேட்டுக்கொள்கிறேன்' என்றார். எதிர்வீட்டுக்காரரும் என் கணவரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாடகத்தின் மிக விசுவாசமான ரசிகர்கள் எழுபதைத் தாண்டியவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். மாடி அரங்கு என்றால் அழைப்பிதழில் ஒரு வரி எழுதிவிடுங்கள், லிஃப்ட் ஓடுகிறதா என்று காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்துச் சிரமங்களை எண்ணாமல் இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அரங்குக்கு வாடகை வரும் நாள். வரவேற்பு, புத்தக வெளியீடு, பள்ளி விழா, நாட்டிய அரங்கேற்றம் என்று வரிசையில் நிற்பார்கள். அந்த வருமானத்தில்தான் கட்டடமே நிற்கிறது. அதனால்தான் நான்கு ஞாயிறுகளையும் கேட்காமல் மாதம் ஒன்று என்கிறேன். அந்த ஒரு ஞாயிற்றிலும் நான்கு மணி நாடகம் ஆறரைக்கு முடிந்தால், அதே குழு அதே செட்டில் ஏழரைக்கு இரண்டாம் காட்சி போடலாம். செட் ஏற்றும் கூலி, வேன் வாடகை, விளக்கு, ஒலி, ஒப்பனைக்காரர் சம்பளம் எல்லாம் ஒரே நாளில் இரண்டு காட்சிகளுக்குப் பங்கிடப்படும். பெரும்பாலான குழுக்கள் ஒரு காட்சிக்காக மதியமே வந்து செட் அடித்து, இரவே பிரித்து ஏற்றிக்கொண்டு போகின்றன. பணம் கரைவது அங்கேதான். முதல் காட்சி குடும்பங்களுக்கு, இரண்டாவது வழக்கமான உறுப்பினர்களுக்கு என்று வைத்தால் இருவருக்கும் இடைஞ்சல் இல்லை.

குழந்தைகள் சத்தம் போடுவார்கள் என்ற அச்சமும் இருக்கலாம். தொடங்கும் முன் நடிகர்களில் ஒருவரே மேடைக்கு வந்து பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசட்டும். நீங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கும், நீங்கள் அமைதியாக இருந்தால்தான் எங்களுக்கு வசனம் ஞாபகம் வரும் என்று சொன்னால் போதும், பிள்ளைகள் கேட்பார்கள். செல்பேசியை அணைக்காத பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகவே நடந்துகொள்வார்கள்.

நாடகக் குழுக்களிடமும் ஒரு விண்ணப்பம். குழந்தைகள் வருகிறார்கள் என்பதற்காக நாடகத்தை நீர்க்கச் செய்ய வேண்டாம். மருமகள் மாமியார் சண்டையும், மனைவியின் சமையலைக் கேலி செய்யும் துணுக்குகளும் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது காதில் உறுத்துகின்றன. அதைத் தாண்டி எழுதக்கூடியவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவுக்குப் புதிய நாடகங்கள் வருகின்றன. பள்ளி விடுமுறையும் அதே சமயம் என்பதால் அந்த விழாவுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். புதுச்சேரியில் 'ஆழி' குழுவை நடத்தும் வேலு சரவணன், கோமாளித் தொப்பியோடு பள்ளி பள்ளியாகப் போய்க் குழந்தைகளோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறார். பெரிய செட் எதுவும் இல்லாமல், ஒரு மனிதரின் குரலையும் உடலையும் மட்டும் வைத்து ஒரு மைதானத்தையே கடலாக்க முடியும் என்று அவரைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும். அவரைப் போன்றவர்களையும், வடமாவட்டக் கூத்தான கட்டைக்கூத்தின் கலைஞர்களையும், ஆண்டில் ஓரிரு ஞாயிறுகளுக்கு உங்கள் மேடைக்கு அழையுங்கள். சபா நாடகம் மட்டுமே பார்த்த என் மாமியார் கட்டைக்கூத்தின் கிரீடத்தையும் தோளில் அணியும் புஜகீர்த்தியையும் பக்கத்தில் பார்த்தால் என்ன சொல்வார் என்று அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

கேன்டீனையும் அன்று திறந்து வையுங்கள். நான்கு மணிக் கூட்டம் இடைவேளையில் ஐந்து மணிக்கு வெளியே வரும். காபிக்கும் கீரை வடைக்கும் அதைவிடச் சரியான நேரம் இல்லை. அறிமுகம் இல்லாதவர்கள் நாடகத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவது அந்த வரிசையில்தான். எதிர்வீட்டு அண்ணி இன்று எங்களுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கும் அப்படி ஒரு காபி வரிசைதான் தொடக்கம். ஒரே மாடியில் எதிரெதிரே இருந்தும் அதுவரை தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன செய்வோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துத் தெருவிலும் ஆர்வமுள்ள குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன். ஒரு மாதம் முன்பே தேதி கிடைத்தால் மொத்தமாக டிக்கெட் எடுத்து, முன்பணமாகவே கட்டிவிடுகிறோம். காலி இருக்கைகளைப் பார்த்து நடிகர்கள் வருந்தும்படி விடமாட்டோம். வேன் பிடித்து வருவதா, ரயிலில் வருவதா என்பதைப் பெண்கள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மடிப்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் இருக்கும் தோழிகள் அவரவர் பகுதியில் இதையே செய்யத் தயாராக இருக்கிறார்கள்.

உங்கள் அடுத்த மாத நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போவதற்கு முன் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வையுங்கள். எல்லாச் சபாக்களும் ஒரே ஞாயிற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒருவர் முதல் ஞாயிறு, இன்னொருவர் மூன்றாம் ஞாயிறு என்று பிரித்துக்கொண்டால் நாங்கள் இரண்டுக்கும் வருவோம். பள்ளித் தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஏப்ரலில் தொடங்கினால் மிகவும் நல்லது.

பணிவுடன்,
நாடகம் பார்க்கக் காத்திருக்கும்
குரோம்பேட்டை இல்லத்தரசி